மகளின் கூற்றுப்படி

அப்பா, உங்கள் சக்கர நாற்காலியை இன்று மத்தியானம் வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். நடைவழிக் கம்பளத்தில் இரண்டு கோடுகள் பதிந்து கிடக்கின்றன. அம்மா இரண்டு தரம் தேய்த்தும் போகவில்லை.

அதே மத்தியானம், கால் எடுத்தவர்களைத் திரும்ப நடக்கப் பழக்கும் ரேஹா மருத்துவமனையிலிருந்து தடித்த உறை ஒன்றும் தபாலில் வந்தது. உங்கள் முப்பத்தோராம் நாள் கிரியையன்று மாமா சொன்னார்: “அவருக்கு ஏன் நல்ல கால் குடுக்கேல்லை எண்டு பாப்பம். பிள்ளை கடிதம் எழுதி பைலை எடுக்கட்டும்.” எழுதினேன். நாளை மாமா வருவார், நான் வாசித்துச் சொல்ல வேண்டும். அம்மா படுத்தபிறகு உறையைப் பிரித்துவிட்டேன். கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் இதை எழுதுகிறேன்.

முழங்காலுக்கு மேலே உங்கள் கால் எடுத்து மூன்றாம் கிழமை அது. நீங்கள் இனி எவ்வளவு தூரம் நடப்பீர்கள் என்று இப்போதே கணிக்க வேண்டும், அதைப் பொறுத்துத்தான் செயற்கைக் கால் கிடைக்கும் என்று ரேஹாவில் பெண் டொக்டர் சொன்னா. அவ ஜெர்மனில் கேட்ட கேள்விகளை நான்தான் உங்களுக்குத் தமிழில் சொன்னேன். சத்திரசிகிச்சைக்கு முதல் நீங்களே தேத்தண்ணி போடுவீர்களா? நீங்களே காலுறை மாட்டுவீர்களா? தனியே கடைக்குப் போவீர்களா?

நீங்கள் சிரித்தீர்கள். “நான் ஏன் போடுறன்? கொம்மா இருக்கிறா எண்டு சொல்லு.”

எல்லாம் அம்மாதான் செய்வார் என்று சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன். டொக்டர் தலையாட்டி எழுதினா.

பிறகு, மிஞ்சிய காலில் பத்து வினாடி நிற்கச் சொன்னார்கள். போதும் என்று அவர்கள் சொல்லும்வரை நின்றீர்கள். “பத்தொன்பது வருசம் பாண் சுடுற பக்டரியில எட்டு மணித்தியாலம் நிண்டனான், இது என்ன” என்றீர்கள். அது எனக்கு வீண்பெருமை போலக் கேட்டது. வெட்கத்தில் அதை மொழிபெயர்க்காமல் விட்டேன்.

வீட்டுக்குள் மட்டும் நடக்கக்கூடியவர் என்று முடிவு வந்தது. முழங்கால் மடங்காத ஒரு கால் தந்தார்கள். கட்டிலிலிருந்து குளியலறை வரைக்கும் அது போதும். ஸ்டேஷன் வரைக்கும் எப்போது நடக்கலாமாம் என்று கேட்டீர்கள். போகப் போகத் தெரியுமாம் என்றேன். அப்படி ஒருவரும் சொல்லவில்லை. தை மாதம் உங்கள் இதயம் நிற்கும்வரை அதை நம்பியிருந்தீர்கள்.

உங்கள்மேலும் எனக்குக் கோபம், அப்பா. ஒரேயொரு நாள் நீங்களே எழும்பித் தேத்தண்ணி போட்டிருந்தால் நான் டொக்டரிடம் ஓம், போடுவார் என்று சொல்லியிருப்பேன். அம்மாமேலும் கோபம். வேலைக்குப் போகிற மனுசனுக்குக் காலுறை மாட்டிவிட்டாரே. டொக்டர்மேல் இன்னும் கோபம். அவ ஏன் பக்டரியைப் பற்றிக் கேட்கவில்லை? ஆனால் பைலில் சொன்னவர்களாக அவர்கள் ஒருவரும் இல்லை. நாலாம் பக்கத்தில் இப்படி இருக்கிறது: மகளின் கூற்றுப்படி, நோயாளி அன்றாட வேலைகள் அனைத்திலும் மனைவியைச் சார்ந்திருந்தவர்.

நாளை அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு வாசித்தால் யாருக்கும் தெரியாது. மாமாவுக்கு இவ்வளவு ஜெர்மன் விளங்காது. அவர் டொக்டரைத் திட்டுவார். அம்மா என் தலையைத் தடவி, இந்தப் பிள்ளை இல்லாவிட்டால் என்ன செய்வேன் என்பார். அதுதான் எனக்குப் பயம். விட்டுவிட்டு வாசிக்க எனக்கு நன்றாக வரும். உங்களுக்கே அப்படித்தான் செய்தேன்.

உறையை நான் திரும்ப ஒட்டவில்லை. நாலாம் பக்கத்தை எல்லாவற்றுக்கும் மேலே எடுத்து வைத்திருக்கிறேன்.