என் பந்தியில் கென்ஜியும் ரோசாம்மாவும்

தை மாசம், ஞாயிறு

மத்தியானம் நடந்ததை நினைச்சா இப்பவும் பெருமையாத்தான் இருக்கு. கொஞ்சம் படபடப்பும் இருக்கு.

எங்க தோட்டத்துக் காப்பியை ருசி பார்க்க ரெண்டு பேர் கரடியூர் வந்திருந்தாங்க. கென்ஜி ஜப்பான்காரர், நான் ரோசாம்மான்னு கூப்பிடறவங்க பிலிப்பைன்ஸ்காரங்க. பக்கத்துல பக்கத்துல இலை போட்டேன். சும்மா இருக்காம, "ரெண்டு பேரும் சொந்தக்காரங்களாட்டவே இருக்கறீங்க"ன்னு சொல்லிட்டேன். மக ஸ்டெல்லா அதை அப்படியே இங்கிலீஷ்ல சொல்லிட்டா.

ரோசாம்மா முகம் மாறிப்போச்சு. ரெண்டாம் உலகப் போர்ல அவங்க நாட்டைப் புடிச்ச ஜப்பான் பட்டாளம் அவங்க பெரியப்பாவைக் கொன்னுடுச்சாம். அவங்கப்பா சாகற வரைக்கும் ஜப்பான்காரங்களோட உக்காந்து சாப்பிட்டதே இல்லையாம்.

கென்ஜி எந்திரிச்சு அந்தம்மா முன்னால இடுப்பு வளையக் குனிஞ்சார். நிமிரவே இல்ல.

பாதிச் சாப்பாட்டுல எந்திரிக்க எங்க ஊட்டுல யாரையும் விட்டதில்ல. "ஏனுங்க, இலையில சோறு இருக்குதுங்க, உக்காருங்க!"ன்னு அதட்டிட்டேன்.

ஸ்டெல்லா அதைச் சொன்னதும் ரோசாம்மா அழுதுக்கிட்டே சிரிச்சாங்க. அவர் கையைப் பிடிச்சு உக்கார வெச்சாங்க. அவங்க நாட்டுலயும் வாழையிலை உண்டாம், கையாலதான் சாப்பிடுவாங்களாம். ரசஞ்சோத்தை எப்படி அள்ளறதுன்னு அவங்களே அவருக்குக் காட்டினாங்க.

சாப்பிட்டு முடிச்சதும் தன் இலையோட அவர் இலையையும் மடிச்சு எடுத்தாங்க. விருந்தாளி எச்சிலிலை எடுக்கறதான்னு தடுக்கப் போனவ, கையை இழுத்துக்கிட்டேன். சொந்தக்காரங்க இலையைச் சொந்தக்காரங்க எடுக்கறாங்க, எடுக்கட்டும்.