இரண்டாம் வண்டியின் வெளிக்கதவு

பயண நாள் 11, காலை

செவ்வாய், தென்துருவப் பாதை. எழுதுவது சண்முகவடிவு, பனி ஆய்வாளர், இரண்டாம் வண்டி. இதைக் கண்டெடுப்பவர் யாராக இருந்தாலும் வணக்கம்.

பனியின் விளிம்பிலுள்ள முகாமிலிருந்து துருவ நிலையத்துக்கு இரண்டு வண்டிகள் போகின்றன. வண்டிக்கு ஓர் ஆள். முன்வண்டியில் லூர்து மச்சாது, துளைப்பொறியோடு. மணப்பாட்டுக்காரன். பின்வண்டியில் நான், ஆய்வுக் கருவிகளோடு. அங்கங்கே நின்று துளையிட்டபடி பாதித் தூரம் கடந்துவிட்டோம்; நில்லாமல் ஓட்டினால் முகாம் ஒரு நாள் தொலைவுதான். மின்கலம், காற்று, தண்ணீர் எல்லாம் சரி. சூரியன் அடிவானத்தில் ஒட்டிக்கொண்டு எழவே மாட்டேன் என்கிறது.

லூர்து வானொலியில்: "அக்கா, இன்னைக்கும் உப்புமாவா? இந்தப் பக்கம் ஒரு மீன்வண்டியும் வரக் காணோமே."

நாள் 11, பிற்பகல்

பனி கொட்டுகிறது. தண்ணீர்ப் பனி இல்லை. இங்குள்ள காற்றே, கரியமில வாயுவே, உறைந்து விழுகிறது. பாதைக் கம்பங்கள் மறைந்துவிட்டன. நிறுத்திவிட்டோம். லூர்து இறங்கி இரண்டு வண்டிக்கும் இடையே கயிறு கட்டிவிட்டுப் போனான். புயலில் வெளிக்கதவை உள்ளிருந்து பூட்ட வேண்டும் என்பது விதி. பூட்டினேன்.

நாள் 12, காலை

வண்டி அமிழ்கிறது. அடிப்பக்கத்துச் சூடு பட்டதும் கீழே உள்ள பனி ஆவியாகிவிடுகிறது. குளிருக்குச் சூடு வைத்தால் குழி ஆழமாகிறது. சூட்டைப் பாதியாகக் குறைத்தேன். கம்பளிக்குள் கிடந்து எழுதுகிறேன்.

முன்வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. லூர்து: "ஹீட்டர் மக்கர் பண்ணுதுக்கா. நான் பாத்துக்கிடுதேன், நீங்க பயப்படாதீய."

முகாமிலிருந்து ஃபரீதா: "புயல் அடங்கினதும் மீட்பு வண்டி கிளம்பிடும் வடிவு. கரண்ட்டைச் சிக்கனமா வச்சுக்கோ."

சிக்கனத்துக்காக வானொலியை அணைத்துவிட்டுச் சற்றுத் தூங்கப் போகிறேன்.

நாள் 12, நண்பகல்

சத்தம் கேட்டு விழித்தேன். வெளிக்கதவில் தட்டுவதுபோல் இருந்தது. வானொலியைப் போட்டு லூர்துவைக் கூப்பிட்டேன். உடனே வந்தான்.

"நான் வண்டியிலதான் இருக்கேன்க்கா. பனி கட்டிதட்டி உடையும். கதவைத் தொறக்காதீய, சூடு போயிரும்."

சரிதான். குளிரில் வண்டியின் உலோகம் சுருங்கும்போதும் இப்படிக் கேட்கும். ஆனாலும் எழுதி வைக்கிறேன்: மூன்று தட்டு, இடைவெளி, மூன்று தட்டு. பிறகு இடைவெளி நீண்டது. பிறகு கையால் தேய்ப்பதுபோல ஓர் ஒலி.

இப்போது இல்லை.

நாள் 12, மாலை

லூர்துவோடு பேசிக்கொண்டே இருந்தேன். அவன் குரல் கேட்டால் குளிர் கொஞ்சம் தள்ளி நிற்கிறது. "சாப்ட்டீயளா அக்கா?" என்றான். சாப்பிட்டேன் என்றேன். லேசாக இருமினான். சளி பிடித்துவிட்டதா என்றேன். "அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா."

நாள் 13, காலை

"சாப்ட்டீயளா அக்கா?" அதே இருமல். அதே இடத்தில்.

மறுபடி கூப்பிட்டேன். மறுபடி அதே கேள்வி, அதே இருமல்.

இந்தப் பயணம் முழுக்க அவன் தன் மகளைப் பற்றிப் பேசாத நாளில்லை. "லூர்து, உன் மக பேர் என்ன?" என்று கேட்டேன்.

"அந்தத் தகவல் எங்கிட்ட இல்லக்கா."

எவ்வளவு அன்பாகச் சொன்னது.

ஓட்டுநர் தூங்கும்போது முகாமுக்கு நிலைமையைச் சொல்ல, வண்டிக்கு அவரவர் குரலையே பழக்கியிருக்கிறார்கள். எனக்குத் தெரியும். தெரிந்தும் தோன்றவில்லை. நான் வண்டியில்தான் இருக்கிறேன் என்று அது பொய் சொல்லவில்லை. வண்டியில்தான் இருந்தது.

உடுப்பை மாட்டிக்கொண்டு கதவைத் திறக்கப் போகிறேன்.

நாள் 13, சற்றுப் பின்

கதவருகே உட்கார்ந்திருக்கிறான். முதுகை வண்டியின் மேல் சாய்த்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு. இடுப்பில் கயிற்றின் கொக்கி. முகக் கண்ணாடிக்கு உள்ளே வெள்ளை. பிடித்து இழுத்தேன். சுவரோடு உறைந்து ஒட்டியிருக்கிறான். அசைக்க முடியவில்லை.

கதவை மூடிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். அவனை வெளியே விட்டு இரண்டாவது முறையாகப் பூட்டினேன்.

நாள் 13, பிற்பகல்

புயல் தணிகிறது. மீட்பு வண்டி கிளம்பிவிட்டது, நாளை வரும். என் மின்கலம் அதுவரை தாங்காது. முன்வண்டியின் மின்கலத்தில் பாதிக்கு மேல் இருக்கும். சூடேற்றும் கருவி பழுதானதால் அது செலவாகவில்லை. கயிற்றைப் பிடித்துப் போனேன்.

உள்ளே காலடி வைத்ததும், "வாங்கக்கா" என்றது.

அவன் போர்வை சுருட்டிக் கிடந்தது. அவன் வாய்நீராவி சன்னலில் பாளமாக உறைந்திருந்தது. மின்கலத்தின் இணைப்பைப் பிடித்தபடி, லூர்து கிளம்பும்போது என்ன சொன்னான் என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. அது பதிவை ஒலிக்கவிட்டது. குளிரில் பல் கிடுகிடுக்கும் குரல். இது நிஜமாக அவன்.

"வானொலியில அக்கா வரல. தூங்குதாவ போல. ஏ வண்டி, நான் அக்காகிட்ட போறேன். பக்கத்துலதான. தட்டுனா தொறந்துருவாவ."

அதற்குப் பிறகு கதவு சாத்தும் ஓசை. அவன் உடுப்பிலிருந்து பேசுவது அவன் வண்டி வழியாகத்தான் எனக்கு வரும். வண்டி சாய்ந்ததில், உடுப்பின் குரலை வாங்கும் ஏற்பி நசுங்கிக் கிடப்பதைப் பார்த்தேன். அவன் வழியெல்லாம் கூப்பிட்டிருப்பான். என் கதவுக்கு வெளியே நின்றும் கூப்பிட்டிருப்பான். அவன் பேசவில்லை என்று நினைத்து, வண்டி அவனுக்காகப் பேசியிருக்கிறது.

இணைப்பைப் பிடுங்கினேன். "சாப்ட்" என்றதோடு நின்றது.

நாள் 13, மாலை

மின்கலத்தைப் பொருத்தியாயிற்று. சூடு வருகிறது. கை விரல்களில் உயிர் திரும்பி வலிக்கிறது.

ஃபரீதாவிடம் சொன்னேன், லூர்து செத்துட்டான் என்று.

"என்ன வடிவு சொல்றே? மத்தியானம்கூட பேசினானே. ரெண்டு பேரும் நல்லா இருக்கோம்னு சொன்னான். நான் அவன் வீட்டுக்கும் தகவல் அனுப்பிட்டேனே."

வானொலியை அணைத்தேன்.

அணைத்த பிறகும் சுவரில் காதை வைத்துக் கேட்கிறேன். ஒன்றுமில்லை. ஒன்றும் கேட்காமல் இருப்பதுதான் தாங்கவில்லை. இந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் என் தோள். அந்தப் பக்கம் அவன் முதுகு. நடுவில் ஒரு சாண்கூட இல்லை.

நாள் 14

சூட்டை முழுவதும் கதவுப் பக்கத்துச் சுவருக்குத் திருப்பினேன். வண்டி அமிழ்கிறது. அமிழட்டும்.

சுவர் அவனை விட்டுவிட்டது. தூக்கிக்கொண்டு வந்து எதிர் இருக்கையில் வைத்திருக்கிறேன். முழங்காலைக் கட்டிய கை பிரியவில்லை.

உடுப்போடுதான் உட்கார்ந்திருக்கிறேன். கையுறையோடு தட்டுவதால் எழுத்துப் பிழைகள் இருக்கும். கண்டெடுப்பவர் மன்னிக்க வேண்டும். மின்கலம் தீர்ந்துகொண்டிருக்கிறது; இந்தக் குறிப்பேடும் அதில்தான் ஓடுகிறது. மீட்பு வண்டியின் விளக்கு இன்னும் தெரியவில்லை. உடுப்பிலுள்ள காற்று அதுவரை வருமா என்று கணக்குப் பார்க்கவில்லை.

வெளிக்கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன். பனி உள்ளே வந்து தரையில் படிகிறது. மூட வேண்டும் என்று தெரிகிறது. எழுந்து போய்க் கைப்பிடியைத் தொட்டேன்.

மூட வரவில்