மூன்று ஹோல்டரிலும் பல்பு இல்லை

அன்புள்ள அத்தான்,

இங்கே பேசிக்கொள்வதை முதலில் திருத்திவிடுகிறேன். உங்கள் மேல் உள்ள கோபத்தில் நான் காரின் மீட்டரைப் பிடுங்கிப் போட்டேன் என்கிறார்கள். பிடுங்கவில்லை, கழற்றினேன். முதலில் பாட்டரி வயரை எடுத்துவிட்டு, காரோடு வந்த கையேட்டைத் தொடையில் விரித்து வைத்துக்கொண்டு, அதில் உள்ள வரிசைப்படி கழற்றினேன். ஒரு கீறல் விழவில்லை.

நீங்கள் காலமான பிறகு ஓட்ட ஆளில்லாமல் நிற்கிற காரைப் பிந்துவுக்குக் கொடுக்கப் போகிறேன். ஒற்றசேகரமங்கலத்து என் அக்காவின் ஒரே மகளுக்குப் போவதில் உங்களுக்கு வருத்தம் இருக்காது. நெய்யாற்றின்கரையில் நர்ஸ் வேலை முடிந்து, இருட்டிய பிறகு பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறாள். குறையோடு ஒரு பொருளை நான் யாருக்கும் கொடுத்ததில்லை என்பது உங்களுக்குத் தெரியும். டயர் மாற்றியாயிற்று. சீட்டு உறைகளைத் துவைத்து இஸ்திரி போட்டாயிற்று. மிச்சம் இருந்தது, வேகம் காட்டுகிற மீட்டருக்குள் எரியும் விளக்கு ஒன்றுதான்.

சமையலறைக் காலண்டரில் மாதாமாதம் நான் எழுதி வைத்த வேலை அது. மற்றதற்கெல்லாம் டிக் போடுவீர்கள். 'மீட்டர் பல்பு' மட்டும் அடுத்த மாதத்துத் தாளுக்குப் போய்க்கொண்டே இருந்தது.

அமரவிளையில் நம் கார்களைப் பார்க்கிற எலக்ட்ரீஷியன் மணியனிடம் போனேன். பல்பு என்றதுமே அவன் முகம் மாறியது.

"வண்டிய யாரையாவது ஓட்டி இங்க கொண்டு விடச் சொல்லுங்க அம்மா. ரெண்டு நாள் ஆவும்."

"ஒரு பல்பு மாத்த ரெண்டு நாளா? நீ என்ன, புதுசா காரு செய்யப் போறியா?"

"இது அம்மைக்கு ஒத்த வேலை இல்ல. மீட்டர முழுசும் வெளிய எடுக்கணும். நான் பாத்துக்கிடுவேன், கேட்டியளா."

எனக்கு ஒத்த வேலை இல்லை என்று ஒருவர் சொன்னால் நான் என்ன செய்வேன் என்பதும் உங்களுக்குத் தெரியும். மூன்று பல்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இட்லித் தட்டை எடுத்து வந்து பக்கத்து சீட்டில் வைத்தேன். கழற்றுகிற வரிசையில் ஒவ்வொரு குழிக்கும் ஒரு திருகாணி. மேல் சட்டத்துக்கு இரண்டு, மீட்டருக்கு நான்கு. பிறகு மீட்டரை இரண்டு விரல்கடை வெளியே இழுத்து, பின்னால் கைவிட்டு, ஸ்பீடோமீட்டர் கேபிளின் கிளிப்பை அமுக்கினேன். கான்வென்டில் தையல் மிஷினைப் பிரித்துக் கோத்த கை இது, வளையல்தான் தடுத்தது. வயர்களைச் சேர்க்கிற கப்ளர்களையும் உருவியதும் மீட்டர் மடிக்கு வந்தது. அப்படி உட்கார்ந்திருந்ததைத்தான் மதிலுக்கு அப்பாலிருந்து பார்த்திருக்கிறார்கள்.

திருப்பினால், முதுகில் பல்பு மாட்டுகிற மூன்று கறுப்பு ஹோல்டர்கள். கால் சுற்று சுற்றினால் கையோடு வரும். முதல் ஹோல்டரில் பல்பு இல்லை. உள்ளே விழுந்திருக்கும் என்று மீட்டரை மெல்ல ஆட்டிப் பார்த்தேன். இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதிலும் இல்லை. எரிந்துபோன பல்பு கறுத்தாவது கிடக்கும். இங்கே யாரோ எடுத்துவிட்டு, வெறும் ஹோல்டர்களைத் திரும்பவும் பத்திரமாகப் பூட்டியிருந்தார்கள்.

மூன்றையும் கைக்குட்டையில் முடிந்துகொண்டு ஆட்டோ பிடித்து மணியனிடம் திரும்பப் போனேன். மேசைமேல் வைத்தேன்.

"எனக்கு நேர் சொல்லு, ஒண்ணும் மறைக்காத."

நிறைய நேரம் கையைத் துடைத்துக்கொண்டிருந்தான். "சாருதான் பல்ப ஊரி எடுக்கச் சொன்னதாக்கும் அம்மா. சாருக்க கண்ணுல திரை உண்டும். ராத்திரி இந்த வெளிச்சம் முன்கண்ணாடியில அடிச்சா ரோடே தெரியல்லண்ணு சொன்னாரு. ஊரியும் பிரயோசனம் இல்ல, எதுக்க வாற வண்டிக்க வெளிச்சத்த என்ன செய்ய? அதோட ராத்திரி ஓட்டத்த நிறுத்திட்டாரு."

"எப்பம்?"

"அம்மைக்க அக்கா போன வருசம், ஓணத்துக்கு முன்ன. அம்மைட்ட சொல்லப்பிடாதுண்ணு எனக்க கையப் பிடிச்சாரு. சாருக்க தம்பி முருகேசன் சாரும் கூட உண்டு, கண் டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போனதும் அவருதான்."

ஓணத்துக்கு முன்னால். அக்கா போனது அதற்குப் பிந்திய ஐப்பசியில்.

அந்த அந்தி உங்களுக்கும் மறந்திருக்காது. அக்காவுக்கு மூச்சு முட்டுகிறது, என்னைக் கேட்கிறாள் என்று போன் வந்தது. நான் சேலை மாற்றிவிட்டுக் கார் பக்கத்தில் நின்றேன். நீங்கள் சாவியை எடுக்கவில்லை.

"விடிஞ்சதும் காலத்த போவலாம் சரசு. மீட்டர்ல வெளிச்சம் இல்ல."

"ரோட்டுக்கு வெளிச்சம் குடுக்கது ஹெட்லைட்டாக்கும். மீட்டரா?"

"அப்பம் டாக்ஸி விளிக்கேன்."

"முற்றத்துல கார நிறுத்தி வச்சிட்டு, எனக்க அக்கா வீட்டுல நான் வாடகை வண்டியில போயி எறங்கணுமா?"

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். விடிந்து நாம் போய்ச் சேர்ந்தபோது அக்காவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள்.

பதினாறாம் நாள் பந்தியில், அத்தனை சொந்தங்களுக்கும் கேட்கும்படி நான் சொன்னேன்: "இந்த மனுசனுக்க மடியினால எனக்க அக்காவ உயிரோட காண முடியல்ல." நீங்கள் இலை போட்டுக்கொண்டிருந்தீர்கள். நிமிர்ந்து பார்க்கவில்லை. அடுத்த இலையைப் போட்டீர்கள்.

கண் தெரியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்? நான் டாக்ஸியில் ஏறியிருப்பேனா? ஏறியிருப்பேன் என்றுதான் நினைக்க விரும்புகிறேன். சோம்பேறி என்ற பெயரோடு போய்ச் சேருவது உங்களுக்கு அவ்வளவு எளிதாகவா இருந்தது? அல்லது நான் காட்டுகிற முகம் அதைவிடக் கஷ்டமாக இருந்ததா?

இங்கத்து விசேஷம்: புது பல்புகளைப் போட்டு மாட்டிவிட்டேன். முதல் ஓட்டத்தில் பாறசாலை வரை பிந்துவே ஓட்டினாள். பாதி வழியில் சிரிக்கத் தொடங்கினாள். "சின்னம்மே, நாம இன்னும் வீட்டுல தான் நிக்கியோம். சீரோவுலேருந்து முள்ளு அனங்கல்ல, பாத்தியளா!" கேபிளை அழுந்தச் செருகாமல் விட்டது என் பிழை. திரும்ப எல்லாவற்றையும் கழற்றி, கிளிக் என்று சத்தம் கேட்ட பிறகே மூடினேன். இப்போது முள் ஏறுகிறது.

அந்தி மங்கியதும் உங்கள் சீட்டில் உட்கார்ந்து விளக்கைப் போட்டேன். கண்ணாடியில் மஞ்சளாக ஒரு வெளிச்சம் விழுந்தது. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, நீங்கள் எப்படிப் பார்த்திருப்பீர்கள் என்று பார்க்க முயன்றேன். என்னால் முடியவில்லை. எனக்கு முற்றம் தெளிவாகத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் வைத்துச் சாவி கொடுக்கிறேன். அந்தப் பந்தியில் இருந்தவர்களை நானே ஒவ்வொருவராகப் போனில் அழைத்திருக்கிறேன். சாவியைக் கொடுக்கும் முன்னால், அக்காவை நான் உயிரோடு பார்க்க முடியாமல் போனது உங்கள் மடியினால் அல்ல, என் கவுரவத்தினால் என்று அவர்கள் எல்லோர் முன்னும் சொல்வேன். அன்றைக்கு எவ்வளவு சத்தமாகச் சொன்னேனோ அவ்வளவு சத்தமாகச் சொல்வேன். இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உங்கள் மனைவி,
சரசு

பின்குறிப்பு, செங்கல் ஊரில் இருக்கும் என் கொழுந்தனார் முருகேசனுக்கு: அண்ணனுக்கு எழுதிய இதை உங்கள் விலாசத்துக்குத்தான் அனுப்புகிறேன். கண் டாக்டரிடம் அண்ணனைக் கூட்டிப் போனது நீங்கள்தான் என்று இப்போது அறிந்தேன். உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. என்னிடம் ஏன் சொல்லக்கூடாது என்று அவர் உங்களிடம் என்ன காரணம் சொன்னார்? அவருடைய சொற்கள் எனக்கு அப்படியே வேண்டும். நேரில் வந்தால் என் முகத்தைப் பார்த்து மாற்றிச் சொல்லிவிடுவீர்கள். ஆகவே, தயவுசெய்து எழுதி அனுப்புங்கள்.