இரண்டு காலும் தரையில்

ஜூன் 4

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் சின்னவள் எழுதுவது. நான் நலம். நீயும் அப்பாவும் நலம் என்று ஒரு வரியில் முடித்துவிடாதே. உண்மையிலேயே எப்படி இருக்கிறீர்கள் என்று எழுது. அண்ணன் இறந்த செய்தி போனில் வந்ததிலிருந்து நீ போனைத் தொடுவதில்லை. மணி அடித்தால் எழுந்து வெளியே போய்விடுகிறாய் என்று அப்பா சொன்னார். அதனால்தான் கடிதம். என் கையெழுத்து திருந்திவிட்டது, அந்த மட்டும் லாபம்.

அறை பரவாயில்லை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டிடத்தின் தண்ணீர்த் தொட்டிதான் தெரியும். "பொழுதன்னைக்கும் தண்ணியைச் சோதிக்கிறவளுக்கு வேற என்ன தெரியணும்?" என்கிறாள் ஆய்வகத்து அக்கா.

இப்போது ஒரு விஷயம். கிணறு கிணறாக, குழாய் குழாயாகப் போய்த் தண்ணீர் பிடித்துவரும் என் வேலைக்குச் சொந்த வண்டி வேண்டுமாம். இதுவரை அலுவலக ஜீப்பில் தொற்றிக்கொண்டு போனேன். ஆகஸ்ட் முடிவதற்குள் வண்டியும் லைசென்ஸும் இல்லாவிட்டால் வேறு ஆளைப் போடுவோம் என்று அதிகாரி சொல்லிவிட்டார். "இவ்வளவு படிச்சிருக்கே, ஒரு வண்டி ஓட்டக் கத்துக்க மாட்டியாம்மா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். நான் வழக்கம்போலத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சனிக்கிழமை வண்டிக் கடைக்குப் போனேன். விற்பனைக்காரர் என் தலைக்கு மேலாக வாசலைப் பார்த்தார்.

"யாருக்கு மேடம் வண்டி?"

"எனக்குத்தான்."

"கூட யாரும் வரலையா?"

"நான் வந்திருக்கேன்ல."

இதைச் சொல்வதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. ஆனால் மனிதர் நல்லவர். விலையைப் பேசவில்லை. "நீங்க விரட்டுறவங்களா, உருட்டுறவங்களா?" என்றுதான் முதலில் கேட்டார். இன்னும் ஓட்டவே தெரியாது என்றேன். மண் பாதை, பின்னால் கண்ணாடிப் பாட்டில் பெட்டி, ஒவ்வொரு கிணற்றடியிலும் நிறுத்தி இறங்க வேண்டும் என்று சொன்னேன். "அப்போ ஓடுறதுக்கு வாங்காதீங்க, நிக்கிறதுக்கு வாங்குங்க" என்றார்.

மூன்று வண்டிகளில் உட்கார வைத்தார். முதலாவதில் கட்டைவிரல் நுனிதான் தரையைத் தொட்டது. "இது உங்களை ஓட்டும். நீங்க இதை ஓட்ட முடியாது." இரண்டாவதில் கால் எட்டியது, ஆனால் ஹேண்டிலைப் பிடிக்க டேங்க் மேல் கவிழ வேண்டியிருந்தது. "குப்புறப் படுத்துக்கிட்டா தண்ணி பிடிக்கப் போறீங்க?" மூன்றாவது ஒல்லி, தாழ்வு, கனமும் இல்லை. என்னால் தனியாகப் பின்னால் தள்ள முடிந்தது. இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் இருந்தன. நிறம்தான் சேற்று நிறம். முகம் சுளித்தேன் போலிருக்கிறது. "முதல்ல காலைப் பாருங்க மேடம், அப்புறம் கலரைப் பாருங்க" என்றார்.

சிரிக்காதே அம்மா. அதன்மேல் உட்கார்ந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் அளவுக்கென்று ஒரு பொருள் வாழ்க்கையில் அதுதான் முதல். "வளர்ற பிள்ளை, ரெண்டு அளவு கூடவே குடுப்பா" என்று நீ ஒவ்வொரு கடையிலும் சொல்லுவாய். செருப்புக்குள் காகிதம் திணித்துக் கொடுப்பாய். நான் வளர்ந்து முடிப்பதற்குள் செருப்பு தேய்ந்து முடிந்துவிடும். சீருடையில் வருஷத்துக்கு ஒரு மடிப்பைப் பிரித்துவிடுவாய். பழைய மடிப்பின் கோடு மட்டும் எத்தனை வெளுத்தாலும் போகாது. அந்தக் கோட்டை எண்ணி எனக்கு வயசு சொல்லலாம் என்பான் அண்ணன்.

அந்தச் சின்ன வண்டியை எடுத்துக்கொள்ளட்டுமா? பதில் போடு.

உன் மகள்


ஜூன் 13

கண்ணு,

உன் கடிதம் வந்தது. அப்பா ஒரு தடவை வாசித்தார், நான் ஒரு தடவை வாசித்தேன். என் எழுத்து கோழி கிளறினது மாதிரி இருக்கும், நீதான் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நாங்கள் இருக்கிறோம். நான் ஆஸ்பத்திரிச் சலவைக்கு மறுபடி போகிறேன். முன்பு போர்வைகளை எண்ணி மடிப்பேன், இப்போது எண்ணிக்கை நடுவில் விட்டுப் போகிறது. மேற்பார்வைக்காரி முன்பெல்லாம் திட்டுவாள். இப்போது திட்டுவதில்லை. அதுதான் பொறுக்கவில்லை.

வண்டி எதற்குப் புதிதாக? வீட்டில் அண்ணன் வண்டி இருக்கிறதே. மாடிப்படிக்கு அடியில் நிறுத்தியிருக்கிறோம். ஆஸ்பத்திரியில் கழித்துப் போட்ட போர்வை ஒன்றை வெளுத்து மேலே போட்டிருக்கிறேன். வளைந்த முன்பக்கத்தை மெக்கானிக் நிமிர்த்திக் கொடுத்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை அப்பா அதை ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரம் ஓடவிடுகிறார். நான் அடுப்படியில் இருப்பேன். அந்தச் சத்தம் கேட்டால் அவன் வேலைக்குக் கிளம்புகிற மாதிரி இருக்கும். அப்புறம் அணைத்துவிடுவார்.

போன வாரம் ஒருத்தன் விலை கேட்டு வந்தான். உன் அப்பா, வாயே திறக்காத மனுஷன், "பிள்ளையை விக்கிறதில்லை" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

நிறுத்தியே வைத்தால் துருப்பிடிக்கும். நீ ஓட்டு. உயரம் என்று ஒரு காரணம் சொல்லாதே. அவனைவிட நீ ஒரு விரற்கடைதான் குட்டை. அவனுக்குப் பழகினது உனக்கும் பழகும். எப்போது அனுப்பட்டும்?

அம்மா


ஜூன் 22

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதத்தை அலுவலகத்தில் பிரித்திருக்கக் கூடாது. பாட்டில் கழுவும் தொட்டியடியில் போய் நின்றுகொண்டேன்.

எனக்கும் அந்தச் சத்தம் வேண்டும்தான். ஆனால் அந்த வண்டி வேண்டாம் அம்மா. அது அவனுக்குப் பழகவே இல்லை. நாம்தான் பழகிவிட்டது என்று நினைத்தோம். நிறுத்தும் இடமெல்லாம் அவன் கால் ஊன்ற ஒரு கல்லைத் தேடுவான், நடைபாதை விளிம்பைத் தேடுவான். சிக்னல் இல்லாத தெருவாகப் பார்த்துச் சுற்றிப் போவான். நாம் சிரித்தோம். அரைப்படி என்று அவனுக்குப் பெயர் வைத்தது அப்பா. அவனைவிடக் குட்டையாக இருப்பதால் எனக்குக் கால்படி என்று வைத்தது அவன். "அரைப்படி, கல்லு கிடைச்சுதா?" என்று வாசலில் நின்று கேட்டவள் நான். அவனும் சிரித்தான்.

அன்றைக்குக்கூட அவன் வேகமாகப் போகவில்லை. ஏற்றத்தில் சிவப்பு விளக்கு, நின்றான். காலை ஊன்றப் போன இடத்தில் தார் பெயர்ந்து பள்ளம். கால் எட்டவில்லை. வண்டியோடு சாய்ந்தான், லாரி வந்துகொண்டிருந்த பக்கம். ஓடும்போது விழவில்லை அம்மா. நிற்கும்போது விழுந்தான்.

கடைக்காரர் "நிக்கிறதுக்கு வாங்குங்க" என்று சொல்லிக் காட்டிய அந்தச் சின்ன வண்டியில் உட்கார்ந்தபோது எனக்கு ஏன் கண் கலங்கியது என்று இப்போது உனக்குத் தெரிந்திருக்கும்.

யார்மேலும் குற்றம் சொல்லவில்லை. எனக்குச் சின்னது போதும் என்றுதான் சொல்கிறேன். அப்பாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

உன் மகள்


ஜூலை 1

யார்மேலும் குற்றம் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறாய். குற்றம் இல்லாத இடத்தில் அந்தப் பேச்சு எதற்கு?

கடையில் அவன் முதலில் சின்ன வண்டியில்தான் உட்கார்ந்திருந்தான். சிரித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தான். "வாங்குறதே வாங்குற, நாளைக்குப் பொண்டாட்டி பிள்ளை ஏறணும், பெருசா எடுடா" என்று சொல்லி எழுப்பினது நான். இறங்கிப் பெரியதன் பக்கம் போனான். நீ எழுதாமல் விட்டதை நானே எழுதிவிட்டேன். போதுமா?

ரெண்டு அளவு கூட வாங்கி ஒரு துணியை நாலு வருஷம் ஓட்டினேனே, அதில் மிஞ்சினதுதான் உன் படிப்பு. அந்தப் படிப்பு இன்றைக்கு எனக்கு அளவு சொல்லித் தருகிறது. நல்லது.

உன் இஷ்டப்படி எதை வேண்டுமானாலும் வாங்கிக்கொள். எனக்குக் கடிதம் போடாதே.


ஜூலை 15

அன்புள்ள அம்மாவுக்கு,

போடாதே என்றாய், போடுகிறேன். கிழித்துப் போட்டாலும் சரி, பிரித்துவிட்டுக் கிழி.

வண்டியை அனுப்பு. நான் ஓட்டுகிறேன். வண்டிக் கடைக்குப் போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "உங்களுக்குன்னு ஓரமா நிறுத்தி வெச்சிருந்தேனே மேடம்" என்றார். எங்கள் வீட்டிலேயே ஒன்று இருக்கிறது என்றேன். "உயரம் என்ன?" என்று மட்டும் கேட்டார். நான் படியிறங்கி வந்துவிட்டேன்.

அலுவலகக் கிடங்குக்காரரிடம் அண்ணன் வண்டி மாதிரியே ஒன்று இருக்கிறது. மாலையில் அலுவலக முற்றத்தில் அதில்தான் பழகுகிறேன். கிளட்ச், கியர் எல்லாம் வந்துவிட்டன. எட்டு போடச் சொன்னார், போட்டேன். நிறுத்தும்போதுதான். நேற்று நின்ற இடத்திலேயே சாய்ந்துவிட்டேன். முழங்கால் தோல் கொஞ்சம் போயிற்று, மணல் தரை, பயப்படாதே. ஆய்வகத்து அக்கா ஓடி வந்து தூக்கினாள். "ஓட்டும்போது நல்லா ஓட்டுறே, நிக்கும்போது ஏண்டி விழறே?" என்று சிரித்தாள். அவளுக்கு அண்ணனைப் பற்றித் தெரியாது. நானும் சிரித்தேன். அவன் எப்படிச் சிரித்திருப்பான் என்று அப்போதுதான் தெரிந்தது.

பழகிவிடும் அம்மா. நீ சொன்னது சரி. ஊரெல்லாம் கல் இருக்கிறது, தேடிக்கொள்கிறேன். இந்த வேலைகூடப் பெரிதில்லை. கடிதம் போடாதே என்று நீ எழுதினாயே, அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு என்னால் தூங்க முடியவில்லை. உங்களுக்கு மிச்சம் நான் ஒருத்தி. எனக்கு மிச்சம் நீங்கள் இருவர். அனுப்பிவிடு.

கால்படி


ஆகஸ்ட் 2

கண்ணு,

நின்ற இடத்தில் விழுந்தேன் என்று எழுதியிருந்தாய். அன்று நான் வேலைக்குப் போகவில்லை.

மறுநாள் காலையில் போர்வையை எடுத்துவிட்டு வண்டியை வெளியே கொண்டுவந்தோம். அப்பா முன்னால் பிடித்துத் தள்ள, நான் பின்னால் தள்ளினேன். தெருவே பார்த்தது. மெக்கானிக்கிடம், "எங்க பொண்ணு ஓட்டணும்ப்பா. குட்டையா இருப்பா. இதைக் கொஞ்சம் சின்னதாக்க முடியுமா?" என்று கேட்டேன். முடியாது என்று சொல்லுவான் என்றுதான் போனேன். முடியாது என்று அவன் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டு போனேன்.

அவன் சிரித்தான். "இதுக்கா இவ்வளவு தயங்குறீங்க? சீட்டுக்குள்ள பஞ்சைச் சீவிடலாம்மா. பின்னால ஷாக் அப்சார்பரைக் குட்டையாப் போட்டு, முன்னாலயும் அதுக்குத் தக்கபடி இறக்கிடலாம். தினமும் பண்றதுதான். டீ சாப்பிட்டுட்டு உட்காருங்க, மத்தியானத்துக்குள்ள தந்துடறேன்" என்றான்.

மத்தியானத்துக்குள் தந்துவிட்டான்.

"யாராவது உட்கார்ந்து பாருங்க" என்றான். அப்பா அசையவில்லை. நான் ஏறி உட்கார்ந்தேன். எனக்கு இந்த வயசில் என்ன வெட்கம். உன் அண்ணனும் நானும் ஒரே உயரம்தானே. அவசரத்துக்கு என் செருப்பைத்தான் மாட்டிக்கொண்டு ஓடுவான். இரண்டு காலும் தரையில் படிந்தது கண்ணு. குதிகால் வரைக்கும். மெக்கானிக் குனிந்து பார்த்து, "சரியா இருக்காம்மா?" என்று கேட்டான். சரியாக இருக்கிறது என்றேன். அப்பா சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுவிட்டார்.

நான் பெரிதாக வாங்குகிறவள்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வாங்கினதை அப்படியே எந்தப் பிள்ளைக்கும் போட்டுவிட்டதில்லை. உன் சீருடை, அவன் கால்சட்டை, எல்லாவற்றையும் வாங்கின அன்றைக்கே உட்கார்ந்து, மடித்துத் தைத்துத்தான் போட்டுவிடுவேன். தடுக்கி விழக் கூடாதே என்று. என் கைக்குத் தெரிந்த ஒரே வேலை அது. இதை மட்டும் மடிக்காமல் கொடுத்துவிட்டேன்.

வண்டியை அனுப்பவில்லை. திரும்பத் தள்ளிக்கொண்டு வந்து மாடிப்படிக்கு அடியில் விட்டுப் போர்வையைப் போட்டுவிட்டோம். இப்போது போர்வை தரையில் புரள்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். சரி என்றார்.

நீ அந்தச் சின்ன வண்டியையே வாங்கு. கடைக்காரர் காலில் விழுந்தாவது அதையே வாங்கு. வாங்கினதும் இரண்டு காலும் தரையில் படுகிறதா என்று எழுது. அது மட்டும் எழுது. எனக்கு ஆறுதல் சொல்லி ஒரு வரியும் எழுதாதே. நீ நல்லவள், எழுதுவாய். என்னால் வாசிக்க முடியாது.

அம்மா


ஆகஸ்ட் 21

அம்மா,

படுகிறது. இரண்டும்.

கால்படி