பாட்டு சம்பந்தி பொறுப்பு

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம், உன் அப்பாவின் தொண்டையைத் தவிர. அதற்கான காரணம் பின்னால் வரும். நீயும் மருமகளாக வரப்போகிறவளும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன், இல்லையென்றாலும் நீ எழுதப்போவதில்லை. மாடிக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது. யாரும் எதுவும் செய்யவில்லை, தானாக நின்றது.

போன மாதம் பெண் வீட்டுக்குப் போயிருந்தோம், யார் எதைப் பார்த்துக்கொள்வது என்று பிரித்துக்கொள்ள. மண்டபம் நாங்கள், சாப்பாடு அவர்கள் என்று சுமுகமாகப் போய்க்கொண்டிருந்தபோது உன் அப்பா சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்தார். அதில் நாற்பத்து மூன்று பாட்டுகள் இருப்பது எனக்குத் தெரியும். எல்லாம் அவர் குளிக்கும்போது பாடுகிறவை, ஒன்றுக்கும் இரண்டாவது அடி தெரியாது. கல்யாணத்தைக் காப்பாற்றுகிற அவசரத்தில் நான் முந்திக்கொண்டு, "பாட்டெல்லாம் சம்பந்தி பொறுப்புங்க, அவர் ரசனைக்கே விட்டுடறோம்" என்று சொல்லிவிட்டேன். பெண்ணின் அப்பா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு மெதுவாகத் தலையாட்டினார். அவர் மனைவி ஏதோ சொல்ல வந்து, பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினார். எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்களும் கடைசி வரி எழுத்து தெரியாவிட்டால் இப்படித்தான் தலையாட்டுவார்கள், இருபது வருஷமாகப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. வாசலில் செருப்பு மாட்டும்போது அந்த அம்மா என் கையைப் பிடித்து, "அவருக்குக் காது சுத்தமா கேக்காதுங்க, பதினோரு வருஷமாச்சு, அச்சகத்துல மிஷின்கிட்டயே நின்னு நின்னு போயிடுச்சு, தம்பி சொல்லலையா" என்று கேட்டார். தம்பி சொல்லவில்லை. போன் போட்டுக் கேட்டால், மறந்துட்டேன்மா, நாங்க எழுதித்தானே பேசிக்குவோம் என்கிறாய். உன் அப்பா குதித்தார். எனக்குக் கோபம் வரவில்லை. ஒருவருக்குக் காது கேட்காது என்பதே மறந்துபோகிற அளவுக்கு அவரோடு பழகியிருக்கிறாய், அது நல்லதுதான். இருந்தாலும் சொல்லியிருக்கலாம்.

கொடுத்த பொறுப்பைத் திரும்ப வாங்கினால் அதைவிட அசிங்கம் வேறு இல்லை. பேசாம நானே பாத்துக்கறேனே என்று உன் அப்பா மூன்று முறை சொன்னார், மூன்று முறையும் சந்தோஷமாகச் சொன்னார். நாங்கள் முடிவெடுப்பதற்குள் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சம்பந்தியே வந்துவிட்டார், நான் சொன்னதை மனைவி எழுதிக் காட்டியிருக்கிறார். கையில் அச்சகத்துக் கழிவுத் தாளை வெட்டித் தைத்த நோட்டு, காதில் பென்சில். பாட்டுகளைப் போடச் சொல்லி ஸ்பீக்கர் பெட்டிமேல் உள்ளங்கையைப் பதித்துக்கொண்டார். "மிஷின்ல பெல்ட் தளர்ந்தாலும் எனக்குக் கைதான் சம்பந்தியம்மா சொல்லும்" என்றார். முதலில் எனக்குப் பிடித்த வயலின். இரண்டு நிமிஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, போடுங்களேன் என்றார். உன் அப்பா அவர் காதருகே குனிந்து, "ஓடிக்கிட்டுத்தான் இருக்கு!" என்று கத்தினார். கத்தினால் கேட்காது என்று எழுதியே காட்டினேன், நிறுத்தவில்லை. கீழ் வீட்டுக்காரர் மேலே வந்து, ஏதாவது சண்டையா என்று விசாரித்துவிட்டுப் போனார். சம்பந்தி நோட்டில் என் வயலினுக்கு எதிரே ஒரு சுழி போட்டார். உன் அப்பாவின் பட்டியலில் பதினோராவது பாட்டுக்கு அவர் புருவம் உயர்ந்தது. உன் அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். சம்பந்தி, "பெட்டிக்குள்ள ஒரு ஸ்க்ரூ லூசா இருக்கு" என்றார். திறந்து பார்த்தோம், இருந்தது.

மதியத்துக்குள் பத்தொன்பது சுழிகள் ஆகிவிட்டன. எனக்கு மனசு கேட்காமல், நீங்கள் சிரமப்பட வேண்டாம், மைக்செட்காரரே ஏதாவது போட்டுக்கொள்வார் என்று அவர் நோட்டில் எழுதினேன். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பென்சிலைச் சீவினார். பிறகுதான் சொன்னார். நாலு வருஷத்துக்கு முன்னால் பெரிய பெண் கல்யாணத்தில் மோதிரம் மாற்றுகிற நேரம் பாட்டு மாறியதாம், கூட்டம் முழுக்க மேடையைப் பார்த்ததாம், இவர் நாற்காலி போதுமா என்று பின்வரிசையை எண்ணிக்கொண்டிருந்தாராம். "போட்டோல எல்லாரும் இருக்காங்க. நான் மட்டும் முதுகா நிக்கிறேன்" என்றார். "பாட்டு நல்லா இருக்கணும்னு எனக்கு இல்ல சம்பந்தியம்மா, எப்பன்னு தெரியணும்." அதற்கு உன் அப்பா, நான் தோளைத் தட்டறேனே என்று கையால் தட்டியே காட்டினார். "நீங்க பாத்துட்டுத்தானே தட்டுவீங்க, அப்ப நான் ரெண்டாவதுதானே" என்றார் சம்பந்தி. உன் அப்பா பட்டியலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதற்கப்புறம் அன்று கத்தவில்லை.

இருபத்தாறாவதில் கிடைத்தது. பாட்டு என்று அதைச் சொல்ல முடியாது, ஒரு பெரிய மேளம் தனியாக ஏழு அடி விழும், அப்புறம்தான் மற்றதெல்லாம். முதல் அடியிலேயே அவர் தலை நிமிர்ந்தது. ஆனால் மண்டபத்துக்குப் போய்ப் பார்த்தால் மேடை கான்கிரீட். எவ்வளவு சத்தம் வெச்சாலும் இது அசையாதுங்க என்று மைக்செட்காரர் காலால் உதைத்துக் காட்டினார். சம்பந்தி உடனே போய், அச்சகத்தில் தாள் கட்டுகளை அடுக்கும் மரப்பலகை ஒன்றை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். பெரிய ஸ்பீக்கரைப் பலகையோடு ஒட்டி வைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். சொல்லாமல் போடுங்க என்றார். மைக்செட்காரர் வேண்டுமென்றே நேரம் கடத்தினார். மேளம் விழுந்தது. எங்களுக்குக் கேட்ட அதே நொடியில் அவரும் திரும்பினார். உன் அப்பா தானும் ஏறிப் பார்த்தார், பிறகு நானும் ஏறினேன். குதிகாலிலிருந்து முழங்கால் வரை வருகிறது. என் வயலினில் அப்படி எதுவும் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

வரவேற்புக்கு உன் அப்பாவின் நாற்பத்து மூன்றும்தான். "சாப்பிடறப்ப எதைப் போட்டாலும் எனக்குத் தொந்தரவில்ல" என்று சம்பந்தி பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்துவிட்டார். அப்படிச் சொல்லக்கூடியவர் அந்த மண்டபத்தில் அவர் ஒருவர்தான்.

உனக்குச் சொல்ல வேண்டியது இரண்டு. பலகையில் நீங்களும் அவரோடு நிற்கப்போகிறீர்கள், செருப்பு, ஷூ எதுவும் கிடையாது, ஆகவே ஓட்டையில்லாத சாக்ஸ் ஒரு ஜோடி எடுத்து வா, உன் சாக்ஸ் எனக்குத் தெரியும். இன்னொன்று, நீ பிறந்ததிலிருந்தே அவசரக்காரன். மேளம் கேட்டதும் மோதிரத்தை நீட்டிவிடாதே. கூட்டத்தைப் பார்க்காதே, போட்டோக்காரரையும் பார்க்காதே, உன் மாமனார் முகத்தைப் பார். இருவரும் நூறு வருஷம் ஒருவருக்கொருவர் துணையாக இருங்கள், அது என் ஆசி. அவர் தலை நிமிர்ந்த பிறகு போடு, இது என் உத்தரவு.

இப்படிக்கு,
பாட்டு விஷயத்தில் இனி வாய் திறக்காத
உன் அம்மா