உப்பலில் ஓர் அவசரம்

ஏ.எஸ்.ராவ் நகர்,
ஹைதராபாத்.
5-6-1983, ஞாயிறு

சிரஞ்சீவி சந்திரமோகனுக்கு அம்மாவின் அநேக ஆசீர்வாதம். இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம். நீயும் பொக்காரோவில் வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன், நம்பிக்கைதான், ஏனென்றால் நீ அனுப்பிய போட்டோவில் கழுத்து எலும்பு தெரிகிறது. உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. உனக்குக் குவார்ட்டர்ஸ் கிடைத்ததில் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை, கம்பெனி பஸ்ஸில் ஏறினவர் இறங்கினவர் எல்லோரிடமும் சொல்லியாயிற்று. ஜூலை முதல் வாரம் நான் புறப்பட்டு வந்து தீபாவளி வரைக்குமாவது கூட இருந்து சமைத்துப் போட்டு வீட்டை ஒழுங்கு பண்ணிக் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். அதற்குப் பதில் இந்தக் கடிதத்தில் இருக்கிறது, ஆனால் கடைசியில்தான் இருக்கிறது. நீ எந்தப் புத்தகத்திலும் கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கிறவன், இந்த ஒரு தடவை பெரிய மனது பண்ணி வரிசையாகப் படி.

மார்ச் மாதத்திலிருந்து நான் சனிக்கிழமை மத்தியானம் யுனிவர்சிட்டியில் சோஷியல் வொர்க் ஸ்கூலுக்குப் போய்க்கொண்டிருந்தேன், உனக்கு எழுதவில்லை. எழுதாததற்குக் காரணம், நடுவில் விட்டுவிட்டால் நீ கேலி பண்ணுவாயே என்பதுதான். காலனி அசோசியேஷன் போர்டில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள், பெண்களுக்குப் பத்து வாரப் பயிற்சி, சனிக்கிழமை வகுப்பு, புதன்கிழமை ஏதாவது ஒரு பேட்டைக்குப் போய் வீடு வீடாக விசாரிப்பது என்று. அப்பாவிடம் கேட்டபோது சோஷியல் வொர்க் என்றால் ஆஸ்பத்திரியில் பிஸ்கட் கொடுப்பதுதானே, அதை இங்கிருந்தே கொடுக்கலாமே என்றார். அவருக்கு அப்படி, எனக்கும் முதலில் அப்படித்தான். போன பிறகுதான் அது ஒரு படிப்பு, கேட்கிற விதத்துக்கு, பேசாமல் இருக்கிற விதத்துக்குக்கூடப் பாடம் இருக்கிறது என்று தெரிந்தது. நாங்கள் பதினாலு பேர், நான்தான் எல்லோருக்கும் மூத்தவள். எங்களுக்கு வாத்தியார் அப்துல் ரஹீம் சார், ஹைதராபாத் பழைய நகரத்துக்காரர், தெலுங்கும் உருதும் இங்கிலீஷும் ஒரே வாக்கியத்தில் வந்து விழும். நடுவில் என்னைப் பார்த்தால் பாவம் என்று இரண்டு வார்த்தை தமிழும் போடுவார்.

இப்போது நான் பண்ணின கூத்தைக் கேள். ஏப்ரலில் ஒரு புதன்கிழமை உப்பலில் தொழிற்சாலைகளுக்குப் பின்னால் இருக்கிற குடிசை வரிசைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஆளுக்கு எட்டு வீடு, ஒரு வீட்டுக்கு ஒரு ஃபாரம், இந்த வீட்டுக்கு முக்கியமாக என்ன வேண்டும் என்று கேட்டு எழுத வேண்டும். என் தெலுங்கு உனக்குத் தெரியும், காய்கறிக்காரனிடம் பேரம் பேசுகிற அளவுதான். மூன்றாவது வீட்டில் ஒரு மருமகள் வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள், ஏமி காவாலி அம்மா என்று கேட்டேன். அவள் கையைக்கூட நிறுத்தாமல் மா அத்தகு டாக்டர் அவசரம் என்றாள், அத்த என்றால் மாமியார். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, அப்புறம் கால் மட்டும் ஓடியது. ஃபாரத்தை அங்கேயே போட்டுவிட்டு மெயின் ரோடுக்கு ஓடினேன், அங்கே எலிசபெத் என்று ஒரு லேடி டாக்டரின் போர்டைப் பார்த்து உள்ளே புகுந்து, காத்திருந்தவர்களையெல்லாம் தாண்டி, உயிர் போகிறது வாருங்கள் என்று அவர் கையைப் பிடித்து இழுத்து ரிக்‌ஷாவில் ஏற்றிக் கொண்டுவந்தேன். வந்து பார்த்தால் மாமியார்க் கிழவி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

தெலுங்கில் அவசரம் என்றால் தேவை என்று அர்த்தமாம் மோகன். டாக்டர் தேவை என்றுதான் அந்தப் பெண் சொன்னாள், கிழவிக்கு மூன்று வருஷத்துக்கு மேலாகக் கண்ணில் புரை. ஒன்பது வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன், எனக்கு இது தெரியாது. அன்றைக்குத்தான் எதிர்வீட்டு அனசூயம்மாவின் முகம் கண்முன்னால் வந்தது. குழம்பு கொஞ்சம் கொடுத்தனுப்பட்டுமா என்று நான் கேட்கும்போதெல்லாம் அவசரம் லேதண்டி என்பாள், நானும் அவசரமில்லை என்கிறாளே, நல்ல பொறுமைசாலி என்று நினைத்துச் சாயந்திரமாகக் கொடுத்தனுப்புவேன். வேண்டாம் என்று ஒன்பது வருஷமாகச் சொல்லியும் விடாமல் குழம்பு அனுப்பியிருக்கிறேன். மறுநாள் போய்ச் சொன்னேன், அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் விட்டு, உங்கள் புளிக்குழம்புக்கு வீட்டுக்காரர் பழகிவிட்டார், இனிமேல் நிறுத்தாதீர்கள் என்றாள்.

ஆனால் அன்றைக்கு அந்தக் குடிசை வாசலில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. தெருவே கூடிச் சிரித்தது, கூட வந்த பெண்கள் சிரித்தார்கள், டாக்டருக்குக் கோபமான கோபம், படித்தவர்கள்தானே நீங்கள் என்று கேட்டுவிட்டார். வந்தது வந்தாயிற்று என்று கிழவியின் கண்ணை டார்ச் அடித்துப் பார்த்தார், பார்த்ததும் குரல் மாறிவிட்டது, இன்னும் ஆறு மாதம் விட்டால் ஒன்றும் பண்ண முடியாது என்று சொல்லி அங்கேயே பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அதெல்லாம் என் காதில் சரியாக விழவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் ரஹீம் சார் என் பக்கத்து சீட்டுக்கு வந்து ஷர்மாவ் நக்கோ அம்மா, வெட்கப்படாதீர்கள் என்றார். வெட்கம் அப்படிச் சொன்னால் போய்விடுமா. அடுத்த இரண்டு சனிக்கிழமை தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்துவிட்டேன். அப்பா அமிர்தாஞ்சன் பாட்டிலை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

மூன்றாவது வாரம் ரஹீம் சாரிடமிருந்து ஒரு கார்டு, உங்களைப் பார்க்க ஆள் வருகிறார்கள், இந்தச் சனிக்கிழமை கட்டாயம் வரவும் என்று. போனேன். அந்தக் கிழவி ஒரு கண்ணில் பச்சைத் துணி கட்டிக்கொண்டு மருமகள் கையைப் பிடித்தபடி வராந்தாவில் நிற்கிறாள், ஆபரேஷன் ஆகியிருக்கிறது. இரண்டு பஸ் மாறி வந்து அரவ அம்மா எங்கே, அரவ அம்மா எங்கே என்று பியூனைக் கேட்டிருக்கிறாள், அரவம் என்றால் அவர்கள் பாஷையில் தமிழ். என் முகத்தைத் தடவிப் பார்த்து ஏதோ சொன்னாள், எனக்குப் பாதி புரியவில்லை, மருமகளும் அழுதாள் நானும் அழுதேன். அன்றைக்கு வகுப்பில் ரஹீம் சார் ஒரு பழைய ஃபைலை எடுத்துக் காட்டினார். அதே தெரு, மூன்று வருஷமாக ஸ்கூலில் படிக்கிற பிள்ளைகள் போய் விசாரித்து எழுதினது, அதே வீட்டுக்கு நேராக மூன்று வருஷமும் டாக்டர் தேவை என்று அழகான கையெழுத்தில் இருக்கிறது. சரியாகப் புரிந்துகொண்டவர்கள் எழுதிவிட்டு வந்தார்கள் என்று மட்டும் சொல்லி ஃபைலை மூடிவிட்டார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, உன்னிடம் மறைப்பானேன்.

இப்போது அந்த ஸ்கூலில் ஒரு வருஷ டிப்ளமா ஆரம்பிக்கிறார்கள், ஜூலை நாலாம் தேதி திங்கட்கிழமை முதல், தினமும் சாயந்திரம் ஐந்தரைக்கு வகுப்பு. வயசு ஒரு தடையில்லையாம், எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணியிருந்தால் போதுமாம். ஆகஸ்டில் தொழிலாளர் குடும்பங்களைப் பற்றி இரண்டு நாள் செமினார், அதற்குப் பம்பாயிலிருந்து ஒரு அம்மாள் பேச வருகிறார். செப்டம்பரில் ஆஸ்பத்திரியில் நோயாளிகளோடு பேசப் பழக்குகிறார்கள். அக்டோபரில் மேதக் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பத்து நாள் கேம்ப், பள்ளிக்கூடத்தில்தான் படுக்கை. கேம்ப் விஷயத்தை அப்பாவிடம் பயந்துகொண்டே சொன்னேன், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல் கொசுவலை எடுத்துக்கொண்டு போ என்றார். சம்மதம் என்பதை உன் அப்பா வேறு எப்படியும் சொன்னதில்லை. அதோடு உப்புமா கிளறக் கற்றுக்கொண்டிருக்கிறார், கட்டி கட்டியாக இருக்கிறது, அப்படியே சாப்பிடுகிறேன். எனக்குப் பாஷை போதாதே என்று அனசூயம்மா தினமும் அரை மணி தெலுங்கு எழுத்து சொல்லித் தருகிறாள்.

இனி உன் பதில். உன் கடிதத்தில் ஒரு வரி, நீ அங்கே சும்மாதானே இருக்கிறாய் அம்மா என்று. நீ தப்பாக எழுதவில்லை, பிரியத்தில் எழுதினாய், தெரியும். ஆனாலும் அதைப் படித்துவிட்டு அன்று முழுக்க என்னால் சரியாகச் சாப்பிட முடியவில்லை. இருபத்தாறு வருஷமாக நான் ஒரு நாளும் சும்மா இருந்ததில்லை மோகன், அது உனக்குத் தெரியாமல் நான் பார்த்துக்கொண்டேன், அது என் தப்பு. ஜூலையில் நான் வரவில்லை. தீபாவளிக்கு ஸ்கூலில் ஒரு வாரம் லீவு விடுவார்கள், அப்போது அப்பாவும் நானும் சேர்ந்து வருகிறோம், சமைப்பதற்கு இல்லை, உன் வீட்டைப் பார்ப்பதற்கு. அதுவரைக்கும் சாதம் வைப்பது, ரசம், ஒரு கூட்டு, மூன்றும் தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் ஊருக்கு வருகிற ராமசுவாமியிடம் சின்ன குக்கரும் பொடி டப்பாக்களும் கொடுத்தனுப்புகிறேன். குக்கரில் தண்ணீர் ஊற்றாமல் அடுப்பில் ஏற்றாதே, மழைக்காலத்தில் காய்ச்சின தண்ணீர் குடி, வாரம் ஒரு முறை தலைக்கு எண்ணெய் வை. பகவான் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல புத்தியும் கொடுக்கட்டும், நல்ல பெண்ணும் அமையட்டும்.

ஒரு விஷயம் மறக்கக் கூடாது. நீ வேலையில் சேரப் போன அவசரத்தில் சர்ட்டிபிகேட் கவரை அப்படியே தூக்கிக்கொண்டு போனாய், என் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் அதற்குள்தான் இருக்கிறது, வீடு முழுக்கத் தேடிவிட்டேன். இந்த மாதம் இருபதாம் தேதிக்குள் அதைக் காட்டாவிட்டால் எனக்கு டிப்ளமாவில் இடம் இல்லை. இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு என்மேல் உனக்குக் கோபம் வந்தால், அதைத் தனியாக ஒரு கடிதத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் எழுது, எத்தனை நாள் கழித்து வேண்டுமானாலும் எழுது. புத்தகத்தை மட்டும் நாளைக்கே ரிஜிஸ்டர் தபாலில் போட்டுவிடு.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள அம்மா,
பு. ராஜம்