கிரேஸ் சாப்பிடாத நாட்கள்

12 ஒக்ரோபர் 2009, திங்கள்

காலமை மழை. குடையை ஈஸ்ட் ஹாம் பஸ்ஸில விட்டாச்சு. இவர் அறிஞ்சா தொலைஞ்சன்.

வயசுபோன ஆக்களைப் பாக்கிற கெயார் ஹோமில என்னோட வேலை செய்யிற கிரேஸ் இண்டைக்கும் மத்தியானம் ஒண்டும் வாயில வைக்கேல்லை. "உபவாசமோ?" எண்டன். "ஓம் சிஸ்டர். களைச்சுப் போனன். ஆண்டவரிட்டப் போய் ஆறவேணும்" எண்டா. எனக்குப் புல்லரிச்சுது. இந்தக் கானா நாட்டுக்காரியின்ர விசுவாசம் எங்களுக்கு வருமோ? தபசுகாலத்தில மச்சம் மாமிசம் விடவே என்ர வீட்டில சண்டை.

15, வியாழன்

கிரேஸ் தன்ர பைபிளை எனக்குத் தந்திட்டா. தாயின்ர பைபிளாம். வேண்டாம் எண்டன், கைக்குள்ள வைச்சு அமத்தினா. என்ன மனசு! சந்தோசமா வாங்கிக்கொண்டு வந்தன்.

வாங்கவேணும்: வெங்காயம், இடியப்ப மா, குடை.

21, புதன்

கிரேஸ் வேலைக்கு வரேல்லை. அவவின்ர தங்கச்சிக்காரி போன் எடுத்தா. கிரேஸ் தன்ர உயிரை முடிக்கப் பாத்திருக்கிறா. தப்பிட்டா. ஆஸ்பத்திரியில.

ஐயோ. உபவாசமாம், உபவாசம். விசரி நான்.

இவர்: "சேர்ச்சே கதியெண்டு கிடக்கிற மனுசி அப்பிடிச் செய்யாது." தேத்தண்ணியை அப்பிடியே சிங்குக்க ஊத்திப்போட்டன்.

23, வெள்ளி

ஆஸ்பத்திரி வாசலில தங்கச்சிக்காரி. அழுகை. "மனம் சரியில்லை எண்டு பாஸ்டரிட்டச் சொல்லியிருக்கிறா. இன்னும் செபி எண்டிருக்கிறார். நானும் ஏசினன், கறுப்புப் பொம்பிளையள் நாங்கள் எவ்வளவைத் தாங்கினனாங்கள், இதுக்கோ உடையிறாய் எண்டு. டொக்டரிட்டப் போனா விசரெண்டு அடைச்சுப்போடுவாங்கள் எண்ட பயமும்."

எங்கட ஆக்களும் இப்பிடித்தானே. நான் என்ன திறம்? புல்லரிச்சுக்கொண்டெல்லோ நிண்டனான்.

1 நவம்பர், ஞாயிறு

வெயில், ஆனா குளிர். பூசை முடிய நேர ஆஸ்பத்திரிக்கு. புட்டு, முட்டைப்பொரியல், அவவின்ர பைபிள். வாசல் வரைக்கும் செபமாலை உருட்டினன். உள்ள போகேக்க பையுக்க வைச்சிட்டன்.

நேராக் கேட்டன்: "இப்பவும் சாகவேணும்போல இருக்கோ?"

கட்டில் ஓரத்தில எனக்கு இடம் விட்டா. பிறகு, "காலமை இருந்தது. எங்கட கொயர்ப் பொம்பிளையள் வந்து பாடினவை, கொஞ்சம் குறைஞ்சுது. ஒருத்தரும் இதைக் கேக்கேல்லை, சிஸ்டர்."

நேர்ஸிட்டயும் சொல்லுவம் எண்டன். தலையாட்டினா. ரெண்டுபேருமாச் சொன்னம்.

புட்டு நாலு வாய் சாப்பிட்டா. பொரியல் உறைப்பாம்.

பைபிளை நீட்டினன். வாங்கேல்லை. அண்டைக்குத் தந்தது விடைபெறத்தானே, இப்பவும் அதுவோ எண்டு பயந்திட்டன். "நீங்களே வைச்சிருங்கோ. வீட்ட போனாப்பிறகு நான் வந்து எடுக்கிறன்" எண்டா.

இப்ப மேசையில கிடக்கு. இவர் எடுத்து எங்கட புத்தகங்களோட அடுக்கப் போனார். "தொடாதேங்கோ! அது அவவின்ர. வந்து எடுப்பா" எண்டு கத்திப்போட்டன்.